தூதனுக்குத் தாகம் எடுக்கலாமா?

சென்ற வாரம் ஷாமினி போன் செய்தாள். பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் நான் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்த வீடியோ கேம் நிறுவனத்தில் இப்போது அவள்தான் தலைமை வடிவமைப்பாளர். நான் ஓய்வு பெற்ற அன்று எனக்கு மாலை போட்டு, கேக் ஊட்டி, என் நாற்காலியை அன்று மாலையே தன் மேசைக்கு இழுத்துக்கொண்டவள்.

“அண்ணே, ஒரே வார்த்தையில சொல்லுங்க. புது கேம்ல தாகம் வைக்கலாமா, வேணாமா? புதன்கிழமை மீட்டிங் லா.”

“தாகம்னா, அது வந்து…”

“வரலாறு வேணாண்ணே. உண்டா, இல்லையா?”

ஒரே வார்த்தையில் பதில் சொல்லத் தெரிந்த ஆளாக இருந்திருந்தால் நான் மேலாளராகியிருப்பேன். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்ததைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். புதன்கிழமைக்குள் அவள் படித்து முடிப்பாள் என்று எனக்கு நம்பிக்கையில்லை.

என் பூர்வீகத் தொழில் குறை காண்பது. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பத்தொன்பது வருஷம் பூதக்கண்ணாடிக்குக் கீழே மின்சுற்றுப் பலகைகளைப் பார்த்தேன். ஈயம் சரியாக ஒட்டாத புள்ளியைக் கண்டுபிடித்துச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும், அவ்வளவுதான். தொழிற்சாலை வேறு நாட்டுக்குக் குடிபெயர்ந்தபோது எங்களுக்கு ஆளுக்கொரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். என்னுடையது ஓடவில்லை. அதையும் நான்தான் முதலில் கண்டுபிடித்தேன். அப்போதுதான் பேப்பரில் ஒரு விளம்பரம் வந்தது: வீடியோ கேமில் பிழை பார்க்க ஆள் தேவை, வயது தடையில்லை, பொறுமை அவசியம். என் மனைவி சரோஜா அதைக் கத்தரித்துச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். “குழம்புல குறை சொல்றத அங்க போயி சொல்லுங்க. மாசாமாசம் பேரு போட்டு சம்பளம் குடுப்பாங்க.”

நாற்பத்து நான்கு வயதில் டெஸ்டர் ஆனேன். பயிற்சி இரண்டு வாரம். எப்படி ஓடுவது, எப்படிக் குதிப்பது, எப்படிச் சாவது என்று மூன்று பாடங்கள். மூன்றாவதில் மட்டும் நான் வகுப்பில் முதல்.

ஆபீஸ் ஒரு பழைய கடைவீட்டின் மாடி. கீழே கோப்பிக் கடை. மாடியில் பச்சைப் பலகைச் சட்ட ஜன்னல்கள். காலை பதினோரு மணிக்கு வெயில் அந்தச் சட்டங்களுக்கு நடுவே கோடு கோடாக நுழைந்து திரைகளின் மேல் படுக்கும். திரைக்குள் நடந்துகொண்டிருக்கும் ஆள் எங்கள் தெருவின் வெயிலுக்குள் நடப்பது போலவே இருக்கும். தூரத்தில் ஃபெர்ரியின் சங்கு ஊதினால், அது நம் ஊர்க் கப்பலா, கேமுக்குள் இருக்கும் துறைமுகத்தின் கப்பலா என்று ஒரு கணம் தெரியாது. அந்த ஒரு கணத்துக்காகத்தான் நான் தினமும் ஆயர் ஈத்தாமிலிருந்து பஸ் ஏறினேன் என்று இப்போது தோன்றுகிறது. வேலை ஆரம்பித்த ஆறாம் மாதம் பஸ் நிறுத்தத்தில் நின்றபடி, கொடிமலையை மூடியிருந்த பனியைப் பார்த்து, ‘மலை இன்னும் லோடு ஆகவில்லை’ என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன். அன்றைக்கே விடுப்பு எடுத்திருக்க வேண்டும்.

என் மேலதிகாரி மேடம் ஊய். சிறிய உருவம், வெள்ளைச் சட்டை, கண்ணாடிக்குச் சங்கிலி. முன்பு பியானோ ஆசிரியை. வாழ்நாளில் ஒரு வீடியோ கேமும் விளையாடியதில்லை, அதுதான் தன் தகுதி என்பார். மலாயும் ஆங்கிலமும் ஹொக்கியன் சீனமும் ஒரே வாக்கியத்தில் வரும். அவர் பேச்சை இங்கே தமிழில் தருகிறேன். சுருக்கம் மட்டும் அவருடையது.

அவருடைய முறையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சனிக்கிழமை காலைகளில் வெளியாட்களை அழைத்து இரண்டு மணி நேரம் விளையாட வைப்போம். வந்தவர்களுக்குத் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கும் கோப்பியும் உண்டு. மேடம் ஊய் ஒரு ஸ்டூலைப் போட்டுத் திரைக்கு முதுகு காட்டி, விளையாடுபவரின் முகத்தைப் பார்த்து உட்காருவார். மடியில் ஒரு பொட்டலம் குவாச்சி, அதாவது உப்புப் போட்டு வறுத்த தர்பூசணி விதை. முன்பற்களால் விதையை உடைப்பார், சத்தமே வராது. விளையாடுபவரின் தோள் ஒரு அங்குலம் தொய்ந்தால், அல்லது மூச்சு நீளமாக வெளியே வந்தால், ஒரு தோலை எடுத்துத் தட்டில் வைப்பார். சிறு நோட்டில் நேரத்தைக் குறிப்பார். தொய்வு இல்லாத நேரத்தில் உடைத்த தோல்கள் சட்டைப் பைக்குள் போகும். இரண்டு மணி நேரம் முடிந்ததும் தட்டைப் பார்ப்பார்.

“பதினொன்று,” என்பார். பதினொரு முறை சலித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

“வந்தவங்க நல்லாருந்துச்சுன்னு எழுதியிருக்காங்களே மேடம்?”

“நாசி லெமாக்கைச் சொல்கிறார்கள்.”

இனி தூதன் கதைக்கு வருகிறேன். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று எங்களுக்குக் கொடுத்த ரோல் பிளேயிங் கேம் அது. உப்பளங்கள் நிறைந்த ஒரு கற்பனைக் கடற்கரை, அங்கே ஊர் ஊராக நடந்து ஓலை கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு தூதன். விளையாடுபவர்தான் அந்தத் தூதன். சண்டை குறைவு, நடை அதிகம். ‘உண்மை போல இருக்க வேண்டும்’ என்று வெளிநாட்டுக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். அந்த வாக்கியத்தை நாங்கள் நம்பிவிட்டோம்.

தூதனுக்குப் பசியும் தாகமும் வைத்தோம். தூக்கம் வைத்தோம். மூட்டைக்குக் கனம் வைத்தோம். மழையில் நனைந்தால் துணி காய நேரமாகும், செருப்புத் தேயும், தாடி வளரும். நகம்கூட வளர்ந்தது. நகம் வெட்டாமல் விட்டால் ஓலையைக் கட்டிய முடிச்சை அவிழ்க்க முடியாது. நம் பழங்கதைகளில் எத்தனையோ பேர் காடு மலை கடந்து போயிருக்கிறார்கள், ஒருவர்கூட நடுவில் உட்கார்ந்து நகம் வெட்டியதாக நான் படித்ததில்லை. புலவர்கள் எங்களைவிட விவரமானவர்கள்.

சனிக்கிழமைகளில் தட்டு நிறைந்தது. ஒரு காலேஜ் மாணவர் தூதனுக்கு மீசை தேர்ந்தெடுக்க அரைமணி எடுத்தார். நிமிர்ந்து பார்த்தபோது தூதன் பசியால் செத்திருந்தான். ஒரு பேங்க் அதிகாரி முதல் ஓலையைக் கொண்டுபோகும் வழியிலேயே சளி பிடித்து இறந்தார். “வீட்ல உள்ள தலைவலி பத்தாதா, இங்க வந்து துணி வேற காயப்போடணுமா?” என்று கேட்டார் ஓர் அம்மா. எல்லோரும் படிவத்தில் ‘இன்னும் உண்மையாக இருக்கலாம்’ என்று எழுதிவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு மழை வேண்டும், ஈரம் வேண்டாம்.

ஆகவே ஒவ்வொன்றாகக் கழற்றினோம். நகம் போனது, சளி போனது, செருப்பு, கனம், தூக்கம், பசி எல்லாம் போனது. கடைசியில் தாகம் மட்டும் மிஞ்சியது. அது மிஞ்சியதற்குக் காரணம் நான் செய்த ஒரு காரியம்.

தூதன் வழியில் தண்ணீர்ப் பந்தலில் நின்று குடிப்பான். அவன் அசைவுகளை வரைந்தவள் ஃபரா, சுறுசுறுப்பான மலாய்ப் பெண். பொதுப் பானையிலிருந்து பொதுச் சொம்பில் மொண்டு, சொம்பை உதட்டில் வைத்துக் குடித்து, திரும்பப் பானை மேலேயே கவிழ்த்து வைப்பதாக வரைந்திருந்தாள். நான் பிழைச் சீட்டு எழுதினேன்: ‘பொதுச் சொம்பில் வாய் வைத்துக் குடிக்கிறான். கடுமை: மிக அதிகம்.’ தூதன் சுவருக்குள் நுழைந்து மறைந்துபோகும் பிழைக்கே நான் ‘நடுத்தரம்’ என்றுதான் போட்டிருந்தேன்.

ஃபரா சீட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். “பாலா அண்ணே, கேமுக்குள்ள கிருமி இல்ல லா.”

“கிருமி இல்ல ஃபரா, எச்சில்.”

“எச்சில் எங்கே? நான் வரையவே இல்லையே!”

விளக்கிப் பயனில்லை என்று பேன்ட்ரியிலிருந்து ஒரு ஜக்கை எடுத்து வந்தேன். தலையை அண்ணாந்து, ஜக்கை ஒரு சாண் மேலே தூக்கி, உதட்டில் படாமல் ஊற்றிக் காட்டினேன். தொண்டை தண்ணீரை வாங்கும்போது வரும் களக், களக் என்ற சத்தம் அமைதியான அந்த மாடியில் பெரிதாகக் கேட்டது. மேடம் ஊய் தன் அறையிலிருந்து எழுந்து வந்தார். முகத்துக்கு அடுத்து அவர் நம்புவது காதைத்தான்.

“மைக் கொண்டு வாருங்கள். இன்னொரு முறை.”

இன்னொரு முறையில் ஃபரா சிரித்துவிட்டாள். எனக்குப் புரையேறிவிட்டது. கண்ணில் நீர் வர இருமி, உச்சந்தலையைத் தட்டிக்கொண்டு, “யாரோ நெனைக்கிறாங்க,” என்றேன். எல்லாம் பதிவாகிவிட்டது.

“என்ன சொன்னீர்கள்?” என்றார் மேடம் ஊய்.

“புரையேறினா யாரோ நம்மள நெனைக்கிறாங்கன்னு அர்த்தம் மேடம். எங்க பக்கம் அப்படி.”

“எங்களுக்குத் தும்மினால் அப்படி,” என்றார். பிறகு ஃபராவிடம் திரும்பி, “இருமலையும் வையுங்கள். எப்போதாவது வரட்டும்,” என்றார்.

இப்படித்தான் தூதன் அண்ணாந்து குடிக்க ஆரம்பித்தான். என் தொண்டையால் குடித்தான், எப்போதாவது என் இருமலை இருமி உச்சந்தலையைத் தட்டிக்கொண்டான். திரையின் மூலையில் தாகத்தைக் காட்டச் சிவப்புக் கோடு ஒன்றும் வைத்தோம். கோடு தேய்ந்து தீர்ந்தால் தூதன் சாவான். அந்தக் கோடு என் யோசனை. என் வாழ்நாளின் ஒரே கண்டுபிடிப்பு என்று சரோஜாவிடம்கூடச் சொல்லியிருந்தேன்.

வந்தவர்கள் எல்லோரும் அதை வெறுத்தார்கள். நாற்பது பேர் விளையாடியதில் தட்டில் விழுந்த தோல்களில் பெரும்பகுதி தாகத்துக்கு. வெள்ளிக்கிழமை மாலை மேடம் ஊய் என்னைக் கூப்பிட்டார்.

“தாகத்தைத் திங்கட்கிழமை எடுத்துவிடுகிறோம்.”

“சொம்பு, மேடம்?”

“தாகம் இல்லாதவனுக்குச் சொம்பு எதற்கு?”

மறுநாள் தாகத்துக்குக் கடைசி சனிக்கிழமை. வந்தவர்களில் ஒருவர் கமலா அக்கா. கடலுக்கு அக்கரையில் உள்ள பாகான் டாலாமிலிருந்து ஃபெர்ரி ஏறி வந்திருந்தார். ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர், பருத்திச் சேலை, முழுக்கை ரவிக்கை. தங்கை மகன் கொடுத்த கையடக்க கேம் மெஷினில் இரண்டு வருஷமாக விளையாடுகிறாராம். நாசி லெமாக்கைப் பிரித்துப் பார்த்து, நெத்திலியை ஒதுக்கி, இரண்டு வாய் சோறு மட்டும் சாப்பிட்டார். வழக்கம் போல நான் அவருக்குப் பின்னால் நின்றேன், மேடம் ஊய் முன்னால் உட்கார்ந்தார்.

அக்கா தூதனைத் தண்ணீர்ப் பந்தல் வரை நடத்திக்கொண்டு போனார். குடிக்க வைத்தார். களக், களக்.

“அட, நம்ம ஆளு மாதிரி அண்ணாந்து குடிக்கிறானே!”

“ஆமாக்கா. குடிச்சிட்டு கிழக்கால போனா கோட்டை வரும். அங்கதான் ஓலையக் குடுக்கணும்.”

“போலாம் போலாம். ஓலை எங்க ஓடிப்போகப் போவுது?”

கோட்டைக்குப் போகவில்லை. உப்பளத்து வெயிலில் ஒரு சுற்று நடந்தார். சிவப்புக் கோடு தேய்ந்தது. பந்தலுக்குத் திரும்பி வந்து குடித்தார். மறுபடி ஒரு சுற்று நடந்து, வந்து குடித்தார். வலது கைக் கட்டைவிரல் மட்டும்தான் அசைந்தது. இடது கை மடியில் மல்லாந்து கிடந்தது, யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் போல. ‘ஆட்டத்தின் நோக்கம் புரியவில்லை’ என்று நான் படிவத்தில் எழுதினேன். முக்கால் மணி நேரம் ஆனது. திரையில் வெள்ளை வெள்ளையாக உப்பு, நடுவே ஒரு ஓலைப் பந்தல், அண்ணாந்த ஒரு மனிதன். ஜன்னல் வெயில் நகர்ந்து அவன் மேல் ஏறியது. நிமிர்ந்து பார்த்தபோது மேடம் ஊய் விதை உடைப்பதை நிறுத்தியிருந்தார்.

எனக்கு வேறொரு கவலை. வெயிலில் கடல் தாண்டி வந்தவர் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லையே. ஒரு மினரல் வாட்டர் பாட்டிலைக் கொண்டுபோய் நீட்டினேன்.

“குடிங்கக்கா.”

“வேணாம் தம்பி.”

நம்மவர்கள் முதல் தடவை வேண்டாம் என்றால் அது மரியாதைக்கு என்பதுதானே நம் வழக்கம்? மூடியைத் திறந்து மறுபடி நீட்டினேன்.

“வேணாம்பா, இருக்கட்டும்.”

“கூச்சப்படாதீங்கக்கா. நல்ல தண்ணிதான். இவன் இத்தன தடவ குடிக்கிறான், நீங்க ஒரு மொடக்கு குடிக்கக் கூடாதா?”

அக்கா கட்டைவிரலை எடுத்தார். தூதன் பந்தலில் நின்றுவிட்டான். பாட்டிலை வாங்கி, கண்ணை மூடிக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“ஜில்லுன்னு இருக்கு. நீ விட மாட்ட போல தம்பி. எனக்குக் கிட்னி ரெண்டும் போச்சு. திங்க, புதன், வெள்ளி டயாலிசிஸ். ஒரு நாளைக்கு எனக்குத் தண்ணி இவ்ளோதான்.” பாட்டிலின் நடுவில் ஒரு விரலை வைத்துக் காட்டினார். “கோப்பி, ரசம், மாத்திர முழுங்குறது எல்லாம் அதுக்குள்ள அடக்கம். காலைல கோப்பி குடிச்சுட்டேன். மாத்திரைக்குக் கொஞ்சம் வெச்சிருக்கணும்.”

நான் திறந்த பாட்டிலுடன் நின்றேன். பத்தொன்பது வருஷம் பூதக்கண்ணாடி பிடித்தவனுக்கு, முழுக்கை ரவிக்கையும் அசையாத இடது கையும் கண்ணில் பட்டும் உறைக்கவில்லை.

“ஊசி ஏத்துற கை இது. டயாலிசிஸ் ஓடுற நாலு மணி நேரமும் ஆட்டக் கூடாது. அங்க அப்படி வெளையாடி இங்கயும் பழகிப்போச்சு,” என்றார். “ஒத்தக் கையில சண்ட போட முடியாது. நடக்கலாம். இவன் குடிக்கிறதப் பாத்தா, என்ன சொல்றது, தொண்ட கொஞ்சம் நனையுது தம்பி. சிரிக்காத.”

நான் சிரிக்கவில்லை. மறுபடி கட்டைவிரலை வைத்தார். தூதன் குடித்தான், புரையேறி இருமி, தலையைத் தட்டிக்கொண்டான். அக்கா தன் உச்சந்தலையைத் தொட்டுக்கொண்டு, “யாரோ நெனைக்கிறாங்கடா ஒன்ன,” என்று திரையிடம் சொன்னார்.

போகும்போது படிக்கட்டில் நின்று கேட்டார். “கேம் கடைக்கு வர்றப்ப இது இருக்கும்ல? தண்ணி?”

திங்கட்கிழமை எடுக்கப்போகிறோம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.

“இருக்கும்க்கா,” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வீட்டில் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தேன். என் கணக்கில் அக்காவின் ஒரு நாள் காலை பத்து மணிக்கே தீர்ந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை மேடம் ஊயின் அறைக்குள் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வாக்குக் கொடுத்ததையும் சொன்னேன்.

“உங்களுக்கு வாக்குக் கொடுக்கும் அதிகாரம் இல்லை,” என்றார்.

“இல்ல மேடம்.”

“ஒருவருக்குப் பிடித்திருக்கிறது. நாற்பது பேருக்குப் பிடிக்கவில்லை.”

“ஆமா மேடம்.”

“தண்ணீரை வைத்துக்கொள்வோம், தாகத்தை எடுத்துவிடுவோம். வேண்டும் என்றால் குடிக்கட்டும். போதுமா?”

எனக்குப் போதும் போலத்தான் இருந்தது. அடுத்த சனிக்கிழமை கமலா அக்காவை மறுபடி வரச் சொன்னோம். தாகம் இல்லாத தூதனைக் கொடுத்தோம். அக்கா உப்பளத்தில் ஒரு சுற்று நடந்தார், பந்தலுக்கு வந்தார், குடிக்க வைத்தார். களக், களக். மறுபடி குடிக்க வைத்தார். மூன்றாவது முறை கட்டைவிரல் நின்றது. தோள் ஒரு அங்குலம் இறங்கியது. மேடம் ஊய் மெதுவாக ஒரு தோலைத் தட்டில் வைத்தார்.

“என்னக்கா ஆச்சு?”

“இவனுக்கு வேணாம் தம்பி இந்தத் தண்ணி. நான் சொல்றேன்னு குடிக்கிறான்.” குறை சொல்வதாக நான் நினைத்துவிடக் கூடாதே என்று சிரித்தார். “பரவால்ல. படம் நல்லாருக்கு.”

அக்கா போன பிறகு மேடம் ஊய் தன் சிறு நோட்டுகள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பினார். நாற்பது பேர், ஒவ்வொரு தோளும் தொய்ந்த நேரம். நான் அந்த ஆட்டங்களின் பதிவுகளை ஓடவிட, அவர் நேரத்தைப் படித்தார், நான் திரையில் அந்தக் கணத்தை நிறுத்தினேன். மதியச் சாப்பாட்டுக்கு எழுந்துகொள்ளவில்லை. கீழேயிருந்து யாரோ தாப்பாவ், அதாவது பார்சல், வாங்கி வந்த மீ நூடுல்ஸ் பொட்டலத்திலேயே ஆறிக் கெட்டியானது. வெயில் சட்டங்களை விட்டு வெளியேறியது. மூன்று மணிக்கு மேல், தெருவில் மழை பிடித்துக்கொண்ட நேரத்தில், மேடம் ஊய் பென்சிலைக் கீழே வைத்தார்.

“நடந்து தாகமாகும்போது ஒரு தோள்கூட விழவில்லை, கவனித்தீர்களா? குடிக்கும்போதும் விழவில்லை. எங்கே விழுகிறது?”

நான் நிறுத்தி வைத்திருந்த திரைகளைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் மூலையில் என் சிவப்புக் கோடு மின்னிக்கொண்டிருந்தது.

“கோட்டுக்கு, மேடம்.”

“கோட்டுக்கும் சாவுக்கும். யாரும் தாகத்தை வெறுக்கவில்லை. கண்டிக்கப்படுவதைத்தான் வெறுத்திருக்கிறார்கள். என்னிடம் பியானோ படித்த பிள்ளைகளும் அப்படித்தான்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அந்தக் கோடு யாருடைய யோசனை?”

“யாரோ டெஸ்டர் சொன்னதா ஞாபகம் மேடம்,” என்றேன்.

சிவப்புக் கோட்டை எடுத்தோம், சாவையும் எடுத்தோம். தாகத்தை விட்டுவைத்தோம். வெயிலில் வெகுதூரம் நடந்தால் தூதன் நடந்தபடியே முனகும் பாட்டு கரகரக்கும். நாக்கால் உதட்டைத் தடவிக்கொள்வான். தண்ணீர்ப் பந்தல் தூரத்தில் தெரிந்தால் அவன் நடை தானாகவே கொஞ்சம் வேகமாகும், அதை ஃபரா மூன்று நாள் வரைந்தாள். குடிக்காமலே கடந்து போனாலும் ஒன்றும் ஆகாது. திரும்பி ஒரு முறை பார்ப்பான், அவ்வளவுதான்.

வெளிநாட்டுக்காரர்களிடம் காணொளி அழைப்பில் காட்டிய அன்று அவர்களுடைய தலைவர் கேட்டார், “இதனால் ஆட்டத்துக்கு என்ன பயன்?”

“ஒன்றுமில்லை,” என்றார் மேடம் ஊய்.

“பலம் கூடுமா? புள்ளி கூடுமா?”

“கூடாது.”

“அப்படியென்றால் எதற்கு வைத்திருக்கிறீர்கள்?”

அந்த மனிதர் காத்திருந்தார், பக்கத்திலிருந்த கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தார், கீழே வைத்தார். அதுவரை மேடம் ஊய் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்போது நீங்கள் செய்தீர்களே, அதற்கு,” என்றார்.

அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். தலைவர் கோப்பையை ஒரு முறை பார்த்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார். எங்கள் தொழிலில் அதற்குச் சம்மதம் என்று பெயர்.

ஒன்றரை வருஷம் கழித்து கேம் வெளியே வந்தது. பிரமாதமாக ஓடவில்லை, நடந்தது. விளையாடியவர்கள் எழுதியதில் தாகத்தைப் பற்றி யாரும் புகார் சொல்லவில்லை, புகழவும் இல்லை. ஒருவர் மட்டும், ‘ஏனென்று தெரியவில்லை, விளையாடும்போது எழுந்து போய் ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்தேன்’ என்று எழுதியிருந்தார். மேடம் ஊய் அதைப் பிரதி எடுத்துத் தன் மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துக்கொண்டார். கமலா அக்காவுக்கு ஒரு பிரதி அனுப்பினோம். அவ்வப்போது வாட்ஸப்பில் எனக்கு ஒரே செய்தி வரும்: ‘இன்னைக்கு ரெண்டு தடவ பொரையேறுச்சு.’

பிறகு செய்திகள் நின்றன. பல மாதங்கள் வரவில்லை. அந்த வயதில், அந்த நோயில், செய்தி நிற்பதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். நான் போன் செய்யவில்லை. யார் எடுப்பார்களோ என்று பயம்.

நான் ஓய்வு பெறுவதற்கு ஒரு மாதம் முன்னால் அக்காவே கூப்பிட்டார். குரல் வெண்கலமாக இருந்தது.

“தம்பி! தங்கச்சி கிட்னி குடுத்துட்டா. ஆப்பரேஷன் முடிஞ்சு எட்டு மாசம் ஆச்சு. ஆசுபத்திரி, வீடுன்னு அலைச்சல், சொல்லவே முடியல.”

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஷாமினி இப்போது உட்கார்ந்திருக்கும் அதே நாற்காலி. “தண்ணி குடிக்கலாமாக்கா?”

“குடிக்கலாமாவா? ஒரு நாளைக்கு மூணு லிட்டர் குடிக்கணும்னு டாக்டர் உத்தரவு! குடிச்சு குடிச்சு வயிறு பானையாப் போச்சு. தங்கச்சி பக்கத்துல நின்னு ஒவ்வொரு கிளாஸா நீட்டுறா. நீ அன்னிக்கு நீட்டுன மாதிரியே. வேணாம்னாலும் விடமாட்டேங்குறா.”

இருவரும் சிரித்தோம். “கேம் விளையாடுறீங்களா?” என்றேன்.

“கோவிச்சுக்காத தம்பி. போன மாசம் எடுத்துப் பாத்தேன். அவன் போற வர்ற எடத்துல எல்லாம் நின்னு நின்னு குடிக்கிறான். எனக்கு எரிச்சலா வருது. அத தாண்டிப் போறதுக்கு ஒரு பட்டன் வெக்கக் கூடாதா?”

மேடம் ஊய் அங்கே இருந்திருந்தால் ஒரு தோலைத் தட்டில் வைத்திருப்பார். நாற்பது பேரோடு நாற்பத்தோராவது ஆளும் சேர்ந்துவிட்டார்.

“சொல்லிப் பாக்குறேன்க்கா,” என்றேன்.

“ஐயோ, எடுத்துடாத!” என்றார் அவசரமாக. “எனக்குத்தான் சொன்னேன். அந்த டயாலிசிஸ் சென்டர்ல எனக்குப் பக்கத்து நாற்காலில ஒருத்தங்க, இன்னும் அங்கதான் இருக்காங்க. திங்க, புதன், வெள்ளி. மத்தியானம் மூணு மணிக்கு மேலதான் அவங்களுக்கு நாக்கு வறளும். என் கேம் மெஷின அவங்ககிட்ட குடுத்துட்டேன். ஒத்தக் கையில எப்படிப் புடிக்கிறதுன்னும் சொல்லிக் குடுத்தேன்.”

பக்கத்து நாற்காலி அம்மாவின் பெயரை நான் கேட்டேன். மறந்துவிட்டது, வயதாகிறது. ஓய்வு பெற்றவனுக்கு ஆயர் ஈத்தாம் ஃப்ளாட்டின் பதின்மூன்றாம் மாடியில் மத்தியான நேரங்கள் மிக நீளமானவை. கொடிமலை மேகத்துக்குள் போவதும் வருவதுமாக இருக்கும், லோடு ஆகி முடிவதேயில்லை. திங்கள், புதன், வெள்ளியில் மூன்று மணி ஆனதும் ஜன்னலோரம் உட்கார்ந்து, முகம் தெரியாத அந்த அம்மாவை ஐந்து நிமிஷம் நினைத்துக்கொள்கிறேன். கடலுக்கு அந்தப் பக்கம் எப்போதாவது தூதனுக்குப் புரையேறும், அவன் தலையைத் தட்டிக்கொள்வான், அந்த அம்மா அதைப் பார்ப்பார். இருமல் என்னுடையது. யாரோ நினைக்கிறார்கள் என்று அது சொல்வது பொய்யாகிவிடக் கூடாது.

ஷாமினி, ஒரே வார்த்தை: வை.